கேட்காமலே செய்த உதவிகள்

அலுவலகத்தில் அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தவர் பக்கத்து மேஜைக்காரர். தடித்த கண்ணாடி போட்டவர், பில் போடுகிற வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். எல்லோருக்கும் பெயர் வைப்பதைச் சம்பளம் இல்லாத இரண்டாவது வேலையாகச் செய்து வந்தார். அவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வைத்துவிட்டார். வைத்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் செய்த காரியம் அப்படி. மேனேஜரின் அறையில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் அம்புக்குறிகளும் வட்டங்களும் பாதி அழிந்த எண்களுமாக ஒரே கிறுக்கல். அவள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள், பார்த்தாள், கை சும்மா இருக்கவில்லை. ஈரத்துணி எடுத்துவந்து பளிச்சென்று துடைத்து வைத்தாள். பிறகு வந்த மேனேஜர், தோளில் மாட்டிய பையைக் கழற்ற மறந்து பலகை முன்னால் நின்றார்.

“அக்கா, இதுல ஒரு கணக்கு இருந்துச்சே?”

“ஒரே அழுக்கா இருந்துச்சு சார். துடைச்சுட்டேன்.”

“அது அழுக்கு இல்லக்கா. அடுத்த வருஷ பட்ஜெட்.”

மேனேஜருக்கு இருபத்தெட்டு வயது. அவளுக்கு முப்பத்தொன்பது. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை சார் என்பாள். இதில் யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்பது அந்தத் தளத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இன்டர்ன் என்றால் கல்லூரி முடித்த கையோடு வருகிற, மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பிள்ளைகள்தான் வருவார்கள். இவளோ பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தாய். குழாயும் குளியலறைச் சாமான்களும் செய்கிற அந்தக் கம்பெனி, குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்களைத் திரும்ப எடுக்கிறோம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நிதிப் பிரிவில் ஆறு மாதம், சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் பயிற்சி. முடிவில் மேனேஜர் சரி என்றால் நிரந்தர வேலை. இருந்தது ஒரே ஒரு இடம்.

அந்த இடம் அவளுக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கே பயமாக இருந்தது. சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பதினாறு வருடமாக அவள் செய்த எந்த வேலையும் செய்து முடித்த மறுநிமிடம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மடித்த துணி கலையும், துலக்கிய பாத்திரம் அழுக்காகும், நிரப்பிய டப்பா காலியாகும். ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, அதை ஒரு கட்டத்தில் போட்டு, அது அடுத்த வருடமும் அங்கேயே இருப்பதைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. இந்த ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் இதற்கு ‘அம்மாவோட கோர்ஸ்’ என்று பெயர். லிஃப்ட் பழுது பார்க்கிற கணவர், “ஆறு மாசம்தானே, சமாளிச்சுக்கலாம்” என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். அந்த ‘தானே’ மட்டும் அவளைச் சுருக்கென்று குத்தும்.

வீட்டில் அவள் கேட்டுச் செய்கிற ஆள் கிடையாது. கணவர் குளித்துவிட்டுக் கையை நீட்டினால் துண்டு அங்கே இருக்கும். மகள் பென்சிலைத் தேட ஆரம்பிப்பதற்குள் சீவிய பென்சில் மேஜைக்கு வந்துவிடும். இப்படி அடுத்தவர் மனதைப் படித்துப் படித்தே அவளுக்கு ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. கேட்ட பிறகு செய்வது ஒரு வேலையா, அதை யார் வேண்டுமானாலும் செய்வார்களே என்பது அவள் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் அலுவலகத்துக்கும் வந்தாள்.

பலகை விஷயம் சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை.

அந்தப் பிரிவில் கேஷ் ஷீட் என்று ஒன்று உண்டு. அடுத்த மூன்று மாதத்தில் எந்த வாரம் யார் நமக்குப் பணம் தருவார்கள், எந்த வாரம் நாம் யாருக்குத் தர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்ட அட்டவணை. திங்கட்கிழமை தோறும் நடக்கிற கூட்டத்தில் அது பெரிய சாரிடம் போகும். அவர்தான் நிதிப் பிரிவுக்கே தலைவர். இந்த வாரம் எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். புதிய பில்களை அந்த ஷீட்டில் ஏற்றுகிற வேலையை மேனேஜர் அவளிடம் கொடுத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. மேனேஜர் விடுப்பு. அவள் பில்களை ஏற்றி முடித்துவிட்டாள், நேரம் மிச்சம் இருந்தது. நேரம் மிச்சம் இருப்பதுதான் அவளுக்கு ஆபத்து. ஷீட்டை மேலும் கீழும் பார்த்தாள். ஏழெட்டு இடங்களில் பணம் வருகிற தேதி மஞ்சள் நிறத்தில் இருந்தது. பில்லை எடுத்து ஒப்பிட்டால் பொருந்தவில்லை. முப்பது நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று பில்லில் இருக்கிறது, ஷீட்டில் ஐம்பது நாள், அறுபது நாள் தள்ளிப் போட்டிருக்கிறது. பாவம், வேலை மும்முரத்தில் தப்பாகப் போட்டுவிட்டு, பிறகு சரிபார்க்கலாம் என்று மஞ்சள் பூசி வைத்திருக்கிறார் போல என்று நினைத்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பில்லைப் பார்த்துத் தேதியை மாற்றினாள். மஞ்சளையும் எடுத்துவிட்டாள். ஷீட் இப்போது துவைத்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை முகத்தைப் பார்த்தாள். மேனேஜர் நேரே கூட்டத்துக்கு வந்தார், ஷீட்டைத் திரையில் போட்டார். பெரிய சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “பரவாயில்லையே, இந்த மாசமே இவ்வளவு வருதா? அப்போ அந்த வார்ப்பு மெஷினுக்கு அட்வான்ஸ் இன்னைக்கே கொடுத்துடலாம்” என்றார். மேனேஜர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. காது மட்டும் மெல்லச் சிவந்தது.

“சார், ஒரு மணி நேரம் கொடுங்க. இதுல தப்பு இருக்கு.”

“யார் தப்பு?”

“என் ஷீட்தானே சார். என் தப்புதான்.”

கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது யார் தப்பு என்று தெரிந்தது. வெளியே வந்ததும் மேனேஜர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

“அக்கா, அந்த மஞ்சள் எல்லாம் நான் வேணும்னு போட்டது. பில்லுல முப்பது நாள்னு இருக்கும். ஆனா அந்த ஆஸ்பத்திரிக்காரங்க ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு காசு தர மாட்டாங்க. அந்த கட்டட கான்ட்ராக்டர், அவருக்குப் பணம் வந்தாத்தான் நமக்குத் தருவார். நிஜமா எப்போ வரும்னு நான் போட்ட தேதி அது.”

“தப்பா இருக்குன்னு நெனச்சேன் சார். உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னு...”

“நீங்க கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்.”

பழைய ஷீட்டை மீட்டெடுக்க வழி இருந்தது. ஆனால் அதை எடுத்தால் அவள் ஒழுங்காக ஏற்றியிருந்த புதிய பில்களும் போய்விடும். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாக மாற்ற வேண்டியிருந்தது. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அதைச் செய்தார். நான் செய்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதுவும் முந்திரிக்கொட்டைத்தனமாகிவிடுமோ என்று பயம். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பையிலேயே வைத்துக்கொண்டு, இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரே இடமும் கையைவிட்டுப் போய்விட்டது என்றே அவளுக்குத் தோன்றியது. பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதாள்.

மறுநாளிலிருந்து அவள் கேட்க ஆரம்பித்தாள். கேட்பது என்றால் அப்படி இப்படிக் கேட்பது இல்லை. இந்தப் பில்லை இன்று ஏற்றட்டுமா நாளைக்கா? இந்த மெயிலுக்குப் பதில் போடட்டுமா? இந்தப் பேப்பரை இந்த ஃபைலில் வைக்கட்டுமா அந்த ஃபைலிலா? பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மேனேஜர் அறைக் கதவில் ஒரு தட்டு. அவர் முதல் நாள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். இரண்டாம் நாள் சிரிக்காமல் சொன்னார். மூன்றாம் நாள் காதில் பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். அதில் பாட்டு ஓடவில்லை என்பது வயர் எதிலும் செருகாமல் தொங்கியதிலேயே தெரிந்தது.

“என்னக்கா, போன வாரம் வரைக்கும் கேக்காமலே செஞ்சீங்க. இப்போ கேட்டுக்கிட்டே இருக்கீங்க, செய்யவே மாட்டேங்கிறீங்க” என்றார் பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரர். “நடுவுல ஏதாவது ஒரு இடத்துல நிக்கக் கூடாதா?”

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனாள். நடு என்பது எங்கே இருக்கிறது? யாராவது கோடு போட்டுக் காட்டினால் அதில் போய் நிற்க அவளுக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அன்று அவள் அடுப்படியில் இருந்தபோது மகள் உள்ளறையிலிருந்து, “அம்மா, என் சாக்ஸ் எங்க?” என்று கத்தினாள். சாக்ஸ் இருக்கிற இழுப்பறைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் கத்துகிறாள் என்று அவளுக்குத் தெரியும். கையில் கரண்டியோடு, “திறந்து பாத்துட்டு அப்புறம் கேளுடி” என்று திருப்பிக் கத்தினாள். கத்திய பிறகு அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மகள் கேட்டதில் அவளுக்கு எரிச்சல் இல்லை. பார்க்காமல் கேட்டதில்தான் எரிச்சல். அவளும் அலுவலகத்தில் இழுப்பறையைத் திறக்காமல்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இதற்கு முன்னால் செய்தது இன்னும் மோசம். அடுத்தவர் இழுப்பறையைத் திறந்து, அவர் வைத்ததையெல்லாம் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டு, நன்றி வரும் என்று காத்திருந்தாள்.

அதன் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். சந்தேகம் வந்தால் உடனே எழுந்திருக்க மாட்டாள். பழைய மெயில்களில் தேடுவாள், கண்ணாடிக்காரரிடம் கேட்பாள். அப்படியும் தீராமல் நிற்பதை மட்டும் சேர்த்து வைப்பாள். மேனேஜர் நாலு மணிக்கு டீ குடிக்கக் கீழே போவார். திரும்பி வரும்போது முகம் கொஞ்சம் இளகியிருக்கும். அப்போது போய் நிற்பாள்.

“சார், மூணு விஷயம். முதல்ல, இந்தப் பில்லுல வரி ரெண்டு தடவை போட்டிருக்காங்கன்னு தோணுது. போன மாச பில்லோட வெச்சுப் பாத்தேன். திருப்பி அனுப்பலாம்னு இருக்கேன். சரியா?”

“சரி, அனுப்புங்க. அடுத்து?”

மூன்றுக்கும் சேர்த்து டீயின் சூடு ஆறுவதற்குள் பதில் கிடைத்துவிடும். அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. சில நாள் கேட்க ஒன்றுமே இருக்காது. அப்படிப்பட்ட ஒரு நாளில் அவரே எட்டிப் பார்த்து, “என்னக்கா, இன்னைக்கு நாலு மணி வரலையா?” என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு நாள் நான்காவதாக ஒன்று கேட்டாள். “அந்த மஞ்சள் தேதிக்கெல்லாம் பக்கத்துல காரணம் எழுதி வெக்கட்டுமா சார்? நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதுறேன்.”

“எதுக்குக்கா? எல்லாம் என் தலையில இருக்கே.”

“நீங்க லீவு போட்டா தலையும் லீவுல போயிடுதே சார்.”

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். அறைக்கு வெளியே கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் நாலு மணிக்கு அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏன் இழுப்பார்கள், கான்ட்ராக்டர் யாரை நம்பியிருக்கிறார், எந்தக் கடைக்காரர் திட்டிக்கொண்டே சரியான நாளில் தருவார். எழுத எழுத அந்த ஷீட்டுக்குப் பின்னால் ஒரு தெருவே இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மனிதர்கள் எப்படி வாக்குக் கொடுக்கிறார்கள், எப்படித் தவறுகிறார்கள் என்று பார்ப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பணம் கேட்டுப் போன் செய்கிற வேலையும் இப்போது அவளிடம் வந்தது. ஹோட்டல்கள் கட்டுகிற ஒரு பெரிய கம்பெனி இருந்தது. அங்கே கணக்குப் பார்க்கிற அம்மாள் போனை எடுத்ததும் சண்டைக்குத்தான் நிற்பார். “அனுப்பின குழாய்ல பாதி ஒழுகுது, உங்களுக்குப் பணம் வேற கேக்குதா?” என்பார். பத்து நிமிடம் சண்டை, பிறகு சொன்ன தேதிக்குப் பணம். ஒரு திங்கட்கிழமை காலை அவள் போன் செய்தபோது அதே அம்மாள்தான் எடுத்தார். “வெள்ளிக்கிழமை அனுப்பிடறோம்மா. கவலப்படாதீங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போதும் சண்டை போடுகிறவர் திடீரென்று குழைந்து பேசினால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்பது அவள் அனுபவம். முன்பு ஒரு முறை கணவருக்குச் சம்பளம் நின்றபோது, அவர் அதை மறைத்து, மூன்று மாதம் அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கூட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால்? ஷீட்டில் தானே தேதியை மாற்றுகிற எண்ணம் இந்த முறை அவள் பக்கத்தில்கூட வரவில்லை. கதவைத் தட்டினாள்.

“சார், நாலு மணி வரைக்கும் இது தாங்காது. ஹோட்டல் கம்பெனி வெள்ளிக்கிழமை தர்றதா சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை வரல. அந்த அம்மா இன்னைக்கு ரொம்ப அன்பாப் பேசறாங்க. என்கிட்ட இருக்கிறது அவ்வளவுதான். அதை மஞ்சளாக்கி அடுத்த மாசத்துக்குத் தள்ளலாம்னு எனக்குத் தோணுது. நீங்கதான் சொல்லணும்.”

மேனேஜர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். அன்பாகப் பேசியதற்காக ஒரு வாடிக்கையாளரைச் சந்தேகப்படுவது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். கடைசியில், “தள்ளிடுங்க” என்றார்.

கூட்டத்தில் பெரிய சார் புருவத்தை உயர்த்தினார். “ஹோட்டல்காரங்க எப்பவும் கரெக்டா தர்றவங்களாச்சே. ஏன் தள்ளினீங்க?” மேனேஜர், “எனக்குச் சந்தேகமா இருக்கு சார்” என்றார். அதனால் அந்தப் பணத்தை நம்பிக் குழாய் செய்ய வாங்க இருந்த பித்தளை அந்த வாரம் வாங்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஹோட்டல் கம்பெனியிலிருந்து பணம் வந்தது. ஒரு பைசா குறையாமல், முழுதாக. அந்த அம்மாளின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததாம். அந்தச் சந்தோஷத்தில் உலகத்தோடு சமாதானமாகப் பேசிக்கொண்டிருந்தாராம். அதற்குள் பித்தளை விலை ஏறியிருந்தது.

அவள் உடனே எழுந்தாள். மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். “என்னால நஷ்டம் சார்.”

“விலை கொஞ்சம்தான் ஏறிச்சு. பெரிய சார் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார்” என்றார் மேனேஜர். “ஆனா இது உங்க தப்பு இல்லக்கா. உங்களுக்குத் தோணினதை, தோணினதுன்னு சொன்னீங்க. முடிவெடுத்தது நான். அன்னைக்குத் தேதியை நீங்களே மாத்தினீங்க பாருங்க, அப்புறம் கூட்டத்துல நான் என்ன பேசுறேன்னு எனக்கே தெரியல. இன்னைக்குத் திட்டு வாங்கும்போது எதுக்கு வாங்குறேன்னு தெரிஞ்சு வாங்கினேன். அடுத்த தடவையும் தோணினா வந்து சொல்லுங்க.”

அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். தப்பாகப் போன ஒரு காரியத்துக்குப் பிறகு இவ்வளவு நிம்மதியாக அவள் இருந்ததே இல்லை. வீட்டில் எல்லாவற்றையும் அவளே யூகித்து, அவளே செய்து, தப்பானால் அவளே சுமந்து பழகியிருந்தாள். சுமையில் பாதியை வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருப்பார் என்பது அவளுக்குத் தெரியாது. முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் அவரால் வாங்கிக்கொள்ள முடியும் என்பதும் தெரியாது.

பயிற்சி முடிய ஒரு வாரம் இருந்தபோது மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, உக்காருங்க. உங்களை வெச்சுக்கணும்னு எழுதிக் கொடுத்துட்டேன். பெரிய சாரும் சரின்னுட்டார்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரொம்ப நன்றி சார்.”

“இருங்க, முழுசாக் கேளுங்க. உங்களுக்கு வீடு இருக்கு, பொண்ணு படிக்குது. முழு நாள்னா கஷ்டமாயிடும்ல? அதனால நானே யோசிச்சு, அரை நாள் வேலையா கேட்டிருக்கேன். காலைல வந்துட்டு மதியம் கிளம்பிடலாம். பில் ஏத்துற வேலை மட்டும். கேஷ் ஷீட், போன், அந்தத் தலைவலி எதுவும் கிடையாது. மிச்ச அரை நாளுக்கு ஒரு பையனைப் போட்டுக்கலாம்.”

பெரிய உதவி செய்துவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது. அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷீட்டைத் துடைத்து வைத்துவிட்டு பஸ் ஏறியபோது அவளே போட்டிருந்த முகம்.

நன்றி என்று சொல்லி எழுந்துவிடலாம். அது சுலபம். இந்தப் பிள்ளை நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறது. வேண்டாம் என்றால் மனம் வருத்தப்படும், நன்றி கெட்டவள் என்று நினைக்கும், உள்ளதும் போய்விடும். ஆறு மாதமாக அவருக்கு எது வேண்டும், எப்போது வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தனக்கு என்ன வேண்டும் என்பதை அவரும் தன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார் என்று காத்திருந்துவிட்டாள். ஒரு முறைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. கோபம் வந்தது, அதில் பாதி தன் மேலேயே வந்தது.

“சார், எனக்கு அரை நாள் வேண்டாம்.”

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. “ஏங்க்கா?”

“எனக்கு முழு நாள் வேணும். கேஷ் ஷீட் வேணும். அந்தத் தலைவலிதான் எனக்குப் பிடிச்சிருக்கு. நாலு மணிக்கு வந்து மூணு விஷயம் பேசறது எனக்குப் பிடிச்சிருக்கு.” குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுச் சொன்னாள். “வீடு என் கவலை சார். அதை நீங்க சுமக்க வேண்டாம்.”

அவர் காது மெல்லச் சிவந்தது. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“நான் உங்களைக் கேக்கவே இல்லல்ல?” என்றார்.

“நானும் சொல்லல சார்.”

மேனேஜர் எழுந்தார். பெரிய சார் அறைக்குப் போனார். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டிப் பேசுவது தெரிந்தது. பெரிய சார் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்று புரியவில்லை. மேனேஜர் திரும்பி வந்து, “திட்டினார். ஒரு தடவை எழுதினதை மாத்திட்டு வர்றியேன்னு. ஆனா சரின்னுட்டார். முதல் தேதியிலிருந்து முழு நாள்” என்றார்.

அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடிக்காரர், “முந்திரிக்கொட்டை நம்மகிட்டயே தங்கிடுச்சா? இனிமே என் பலகையையும் துடைச்சுடாதீங்க” என்றார். அவரிடம் பலகையே கிடையாது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் வேலை முடிந்து வந்து டீயோடு உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது, நிரந்தரம், முழு நாள், கேட்டு வாங்கினேன்.

மகள் “சூப்பர்மா!” என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். கணவர் சந்தோஷப்பட்டார். அதில் பொய் இல்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

“முழு நாளா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு கணம் அவர் சொல்வதுதான் நியாயமோ என்றுகூடத் தோன்றியது. கேட்காமல் செய்ததற்காகத்தானே ஆறு மாதத்தில் அத்தனை பாடும் பட்டாள்? ஆனால் அன்று அவள் கை வைத்தது இன்னொருவர் போட்ட தேதிகளில்.

“உங்க விஷயமா இருந்தா கேட்டிருப்பேங்க. இது என் விஷயம். அதான் சொல்றேன்.”

அவர் டம்ளரை ஓரமாகத் தள்ளினார். கோபமா என்று பார்த்தாள், கோபம் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ நீ வர்றதுக்கு ஏழு மணி ஆயிடும். ராத்திரி சமையல்?”

அதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. பஸ்ஸிலேயே போட்டு முடித்துவிட்டாள். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து இரண்டு வேளைக்கும் செய்துவிடலாம், காய்கறியை ஞாயிற்றுக்கிழமையே நறுக்கி வைத்துவிடலாம், யாருக்கும் எந்தக் கஷ்டமும் வராது. எல்லாம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“எனக்கு அடுப்பு பத்த வெக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாதே” என்றார் கணவர், மெதுவாக.

“தெரியாததைக் கேளுங்க. சொல்றேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் டம்ளரில் மிச்சம் இருந்த டீயைக் குடித்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார். அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து, திரும்ப வைக்கிற சத்தம். அவர் எதைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அது எந்தத் தட்டில், எதற்குப் பின்னால் இருக்கிறது என்றும் தெரியும். கால்கள் தானாகவே எழப் பார்த்தன. அவள் மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.